முதலில் சொல்லிவிட வேண்டும்

விளக்குத்தூண் பக்கம்,
பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பிங்பாங் மேசையில் பச்சை ரெக்சின்.
தெர்மோகோலில் அறுத்த யானைமலைக்குத்
தும்பிக்கைப் பக்கம் கொஞ்சம் உடைந்திருக்கிறது.
வைகைக்கு நீலம் அடிக்கவில்லை,
மணல்தாள்தான் ஒட்டியிருக்கிறோம்.
ஆற்றைக் கடக்க அபராதம் கிடையாது என்று
விதியிலேயே எழுதியாகிவிட்டது.

என் முறை.
மலைமேல் என் வில்லாளிகள் ஆறு பேர்,
ஒரே தட்டில் ஒட்டியவர்கள்.
ஆளுக்கொரு பகடை.
ஆசாரி டேப்பை இழுத்து அளந்தேன்:
தளபதி பதினொன்றரை அங்குலம்.
கொடிக்காரன் பதினான்கு.
முரசடிப்பவன் பதினாறுக்கு ஒரு நூல் கம்மி.
பதினாறுதான் எல்லை.

"பிரிச்சு விடலாம்" என்றான் துளசிராம்,
"ஆனா உருட்டுறதுக்கு முன்னாடி சொல்லிரணும்.
யாருக்கு எத்தனைன்னு. வாய்விட்டு."

தெரியும்.
விதியின் மற்ற வால்களும் தெரியும்.
வெட்டவெளியில் நிற்பவனுக்கு நாலு விழுந்தால் போதும்,
பாறைக்குப் பின்னால் பாதி உடம்பு என்றால் ஆறு வேண்டும்.
இலக்குக்கு ஓர் அங்குலத்துக்குள் நம் ஆள் நின்றால்
ஒன்று விழும் ஒவ்வொரு பகடையும் நம் ஆளுக்கு.
செத்தவனுக்கு எண்ணிய அம்பு செத்தவனுக்கே.
அடுத்தவன் பக்கம் திருப்ப முடியாது.

சொன்னேன்.
தளபதிக்கு நாலு. கொடிக்கு ஒன்று. முரசுக்கு ஒன்று.
ஜெய்லானி பால்கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டான்.
கீழே யாரோ பித்தளை அண்டாவை
உருட்டிக்கொண்டு போனார்கள்.

முதல் பகடையிலேயே தளபதி விழுந்தான்.
மிச்சத்தையும் உருட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.
ஐந்து, ஆறு, ஆறு.
ஒரு வாரத்து அதிர்ஷ்டம்
பிணத்துக்குள் போய்ச் சேர்ந்தது.
கொடிக்கு இரண்டு. தப்பினான்.
முரசுக்கு மட்டும் ரொம்ப நேரம் குலுக்கினேன்.
மூன்று.
"ச்சே" என்றேன், சரியான இடத்தில்.

அடுத்த சுற்றில் முரசு கேட்டு
ஓடிப்போன எட்டுப் பேரும் திரும்பினார்கள்.
மலை போனது.
ஒன்பதரைக்குத் தோற்றேன்.

பொம்மைகளைப் பஞ்சில் அடுக்கும்போது கேட்டான்:
"தளபதிக்கு ரெண்டு போதுமே.
முரசுக்காரனைத் தட்டியிருந்தா ஆட்டமே உன்னுது.
மின்வாரியத்துல நாள்பூரா என்ன கணக்குப் பாக்குற?"

"உன் தளபதியப் பாத்தா பயமா இருந்துச்சு."

போன சித்திரையில் பெட்ரோலுக்குக் காசில்லாமல்
நூற்றிருபது ரூபாய்க்கு நான்தான் அவனுக்கு விற்றேன்,
அந்த முரசுக்காரனை.
முரசுத் தோலில் மயிரிழை விரிசல் ஒன்று உண்டு.
நகப்பூச்சுத் தூரிகையில் மூன்றே முடி விட்டு
மற்றதை வெட்டி எறிந்துவிட்டு இழுத்தது.
வாங்கியவன் இன்னும் பார்க்கவில்லை.

பகடை விழுவது பகடையின் இஷ்டம்.
யாருக்கு எத்தனை என்பதுதான்
நம் வாயில் வருகிறது,
அதுவும் நாலு பேர் கேட்க.

ஜெய்லானி நோட்டை மூடவில்லை.
அரை லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர்,
அதற்குக் கீழே என் கணக்கு:
நாலு, ஒன்று, ஒன்று.