ஒன்றேகால் அடி

ஒன்றேகால் அடிதான் உயரம்.
தையல் டேப் வைத்து அளந்து பார்த்தேன்.
அவருடைய இடது கால்
முக்கால் அடிவரை எழும்பும்,
பிறகு நின்று
என்னைப் பார்க்கும்.

எட்டு மாதமாக
வாசற்பக்கம் கதிரை போட்டு இருத்தி
வாளியும் கோப்பையுமாக வார்க்கிறேன்.
பக்கத்தில் வெள்ளை வெளேரென்று,
கலியாண வீட்டில் ஒருவரும் இருக்கத் துணியாத சோபாவாட்டம்
அந்தப் பாத்டப்.

கடல் வந்து போன அடுத்த வருசம்
கல்லடி முழுக்க வெள்ளைக்கார வாடகை.
எங்கள் முன்பாதிக்கு வந்தவள் கிர்ஸ்டன்.
பாத்டப் இருந்தால் பத்தாயிரம் கூட என்றாள்,
அல்லது எங்களுக்கு அப்படி விளங்கியது.
கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியபோது
நிவாரணப் படகு என்று நினைத்து
பெயர் பதிய ஒருவர் அடையாள அட்டையோடு வந்தார்.

பதினொரு மாதத்தில் அவள் போய்விட்டாள்.
நாங்கள் அதில் ஒரு நாளும் படுக்கவில்லை.
கிடத்திக் குளிப்பாட்டுறது
கடைசியில ஒருக்காத்தான், என்றார் இவர்.
நின்றே குளித்தோம்.
தண்ணி வெட்டென்றால் நிரப்பி வைத்தோம்.
மகளின் நாலாம் சடங்குக்கு
நாற்பது நண்டு ஓர் இரவு முழுக்க அதற்குள்
பூச்சைச் சுரண்டிக்கொண்டு கிடந்தன.
மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை கிருபைராசா மேசன் வந்தான்.
பைப் வேலைக்குக் காத்தான்குடி சித்தீக்.
முதல் டைல்ஸ், மறுகா கட்டு, மறுகா தொட்டி.
நாலு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள்.
கீழே மண் கறுத்து, குளிர்ந்து,
ஒரு தவளையும் இருந்தது.

சித்தீக் குந்தி இருந்து கையை விட்டுத் துளாவினான்.
"அக்கா, இந்தப் பைப் குழியோட சேரவே இல்ல.
ஒரு சாண் முந்தியே நிண்டுட்டு.
இவ்வளவு வருசமும் ஊத்தின தண்ணியெல்லாம்
மண்ணுக்குள்ளதான் போயிருக்கு."
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
அவன் சுவருக்கு அங்கால் காட்டினான்.

அங்கே நிற்பது என் தேசி மரம்.

கச்சான் காற்றில் ஊர்க் கிணறெல்லாம் இறங்க
அது மட்டும் கொப்பு முறியக் காய்க்கும்.
மாமாங்கத் தாகசாந்திப் பந்தலுக்கு வருசம் ஒரு சாக்கு
என் பெயரில் போகும்.
என்ன பசளை என்று கேட்டவர்களுக்கு
கைராசி என்று சொல்லியிருக்கிறேன்,
கூச்சமே இல்லாமல்.

இவர் விழுந்த மாதத்திலிருந்து
இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது.
மனிசனுக்காக மரமும் வருந்துகிறது என்று
தங்கச்சிக்குப் போன் எடுத்து அழுதேன்.
வருத்தமில்லை.
தாகம்.

பைப்பை அப்படியே விடச் சொன்னேன்.
அத்திவாரம் கரைஞ்சிடும் என்றான் சித்தீக்.
வாதாடி,
தேத்தண்ணி குடித்து, திரும்ப வாதாடி,
குளிக்கிற தண்ணிக்கு மட்டும் தனிப் பைப்,
சுவரைத் துளைத்து, மரத்தடிக்கு.
எண்ணூறு ரூபாய் கூட.

பாத்டப்பைக் கிருபைராசாவின் மச்சான் கொண்டுபோனான்.
லாண்ட்மாஸ்டரில் கவிழ்த்துக் கட்டி
வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்கு.
எருமைகளுக்குத் தண்ணி காட்ட.
அதற்குள் ஒரு கன்று
ஏறிப் படுத்துவிட்டதாம்.
மூட்டியும் எழும்பவில்லையாம்.

இப்போது தரை ஒரே மட்டம்.
சுவரில் பிடிகம்பி, கைக்கு எட்ட ஷவர்,
வழுக்காத டைல்ஸ், சாம்பல் நிறம்,
எனக்குப் பிடிக்காத சாம்பல் நிறம்.
அவர் கம்பியைப் பிடித்துத்
தானே நடந்து போய் இருந்தார்.
நீ வெளியே நில் என்றார்.
எட்டு மாதத்தில் முதல் தரம்
கதவு சாத்துப்பட்டது.

நான் பின்னுக்குப் போய்
மரத்தடியில் குந்தினேன்.
பைப் வாய் காய்ந்து கிடந்தது.
உள்ளே ஷவர் சத்தம்.
"வந்திட்டா?" என்று கத்தினார்.
இல்லை.
"இப்ப?"
முதலில் கொஞ்சம் சீமெந்துத் தூள்,
பிறகு ஒரு நுரை.

"வருகுது" என்றேன்.
"நிப்பாட்டாதீங்க."