கார்ப்பெட் முடியும் இடம்

ரோட்டைப் பார்க்க நான்
ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை.
காலையில் அதுவே கடைக்கு வரும்,
வளைந்த ரிம்மாக,
மூன்று ஸ்போக் போன பின்சில்லாக,
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த
பிரேக் கட்டையாக.

கட்டையை விரலால் தடவினால் போதும்,
எந்த இறக்கம் என்று சொல்லிவிடுவேன்.
லிந்துலைச் சந்தி வழவழப்பு.
மேற்பிரிவு மணல் கீறியிருக்கும்.
மழை நாளில் ரப்பர் கரைந்து
சாம்பல் கூழாய் ரிம்மில் அப்பியிருந்தால்
அந்த ஆள் பாதி வழியில்
செருப்பால் பிரேக் பிடித்திருக்கிறான்.
செருப்பையும் பார்த்துவிட்டுத்தான்
காசு சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் சைக்கிள்
ஏறும்போது நாம் தள்ளுகிற வண்டி.
இறங்கும்போது
அது நம்மைத் தள்ளும்.

கீழேயிருந்து போக்கு வரைக்கும் கார்ப்பெட் போட்டார்கள்.
அதுவரைக்கும்தான் அதிகார சபை.
அதற்கு மேல் பிரதேச சபை என்றது கம்பனி.
கம்பனி என்றது பிரதேச சபை.
இரண்டும் சந்திக்கிற இடத்தில்
முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி.
மேலேயிருந்து வருகிறவனுக்கு
கறுப்பு ரோட்டு கண்ணில் பட்டதும்
கை தானாய் பிரேக்கை விடும்.
விட்ட இடத்தில் குழி.

கடிதம் மூன்று எழுதினேன்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
உரிய நிறுவனத்துக்கு அறிவிக்கவும்.
இன்னொன்று சிங்களத்தில்.
மருந்துக்கடை ஜயதிஸ்ஸ வாசித்துச் சொன்னார்,
அதே வரி.
மூன்றாவது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அமராவதி விழுந்தது ஒரு திங்கள், விடிய ஐந்தரைக்கு.
இரண்டு மாட்டுப் பால், பதினாறு லீற்றர்,
கரியரில் இரண்டு கேன்.
காறை எலும்பு உடைந்தது.
பால் முழுக்கக் குழிக்குள்.

பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனியில்
அன்றைக்குத்தான் அந்தக் குழி தெரிந்தது.
வெள்ளையாய், வட்டமாய்,
விளிம்பு வரைக்கும்.

கொழுந்து லொறி ஒதுங்கிப் போனது.
ஸ்கூல் பிள்ளைகள் சுற்றிப் போனார்கள்.
நாய்கள் மட்டும் வாய் வைத்தன.
ஒன்பது மணிக்கு மழை வந்து
பாலை எடுத்துக்கொண்டு
குழியை விட்டுவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பற்றிப் பேசவில்லை.
மாட்டை யாரு கறக்குறா என்றாள்.
பிறகு, சைக்கிள் எப்படி அண்ணே?

நான் அதைக் கவிழ்த்துப் பார்த்திருந்தேன்.
முன் ரிம் எட்டுப் போட்டிருந்தது.
பின் கட்டையில் ரப்பரே இல்லை, வெறும் இரும்பு.
போன சனிக்கிழமை அதைத் தடவிவிட்டு
இன்னும் ஒரு கிழமை தாங்கும்
என்று சொன்னது இந்த விரல்தான்.

அவளிடம் அதைச் சொல்லவில்லை.
ரிம்மை நிமிர்த்தி, இரண்டு சோடி கட்டை போட்டு
காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
சும்மா என்றேன்.

கடிதத்தில் மூன்று பேரைக் குற்றம் சொல்லியிருந்தேன்.
நாலாவது பெயர்
அடியில் கையெழுத்தாக இருந்தது.

இப்போது சனிக்கிழமை கடை அடைத்ததும்
சுண்ணாம்பு வாளியோடு மேலே ஏறுகிறேன்.
குழியைச் சுற்றி ஒரு வளையம்.
ஞாயிறு மழை பெய்தால் திங்கள் திரும்பவும்.
என்னப்பா ரோட்டுக்குக் கோலமா என்றார் கிளார்க்.
மாதா மாதம் வளையம் பெரிதாகிறது,
சுண்ணாம்பும் கூடச் செலவாகிறது.

விரலை நம்புவதை விட்டுவிட்டேன்.
பாதிக் கட்டை மீதியிருந்தாலும்
கழற்றி எறிகிறேன்.
ஆட்கள் முணுமுணுக்கிறார்கள்,
கடனுக்கு எழுதிக்கொள் என்கிறார்கள்.
எழுதிக்கொள்கிறேன்.

எறிந்த கட்டைகளெல்லாம்
ஒரு பழைய பெயின்ட் வாளியில் கிடந்தன.
வாளி நிறைந்த அன்று
குழிக்குள் கொட்டிப் பார்த்தேன்.

அடி மூடவில்லை.