மேற்படி குழி

மாயவரம் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை
மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
கீபோர்டில் ழ மட்டும் ரெண்டு தரம் குத்தினால்தான் விழும்.
ஐப்பசி ஈரம் என்கிறான் ரிப்பேர்காரன்.
குழி, கழிவு, வழக்கு, இழப்பீடு.
இன்றைக்கென்று எல்லாவற்றிலும் அதுதான்.

வக்கீல் ஜெகபரின் கைக்குறிப்பு நாலு பக்கம்.
வாதி: தையல்நாயகி, வயது 43, லேட் உத்திராபதி மனைவி,
தொழில் பாத்திரம் கழுவுதல், கல்யாணத்துக்குக் கல்யாணம்.
பிரதிவாதி: நாகரெத்தினம் மஹால், உரிமையாளர் மூலம்.

இருபது வருஷமாக வாய்க்கால், வரப்பு, பொதுச்சுவர்
அடித்துப் பழகிய விரல். செக்குபந்தி இல்லாமல் நகராது.
குழிக்கு நாலு எல்லை சொல்லுங்கம்மா என்றேன்.

கோட்டை அடுப்புக்கு மேற்கு,
எச்சில் இலை கொட்டும் இடத்துக்குக் கிழக்கு,
மோட்டார் கொட்டகைக்குத் தெற்கு,
.......க்கு வடக்கு.
அங்கே என்ன இருந்தது என்று யோசித்தாள்.
'அங்கதான் தம்பி நான் இருந்தேன்.'

இதற்குள்பட்ட
மூணடி நீளம், ரெண்டடி அகலம்,
கழிவுநீர்த் தொட்டி. மூடியிருந்த பலகை உடைந்து
அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் ரெண்டு வாழை இலை.
யார் போட்டது என்று தெரியாது.
பச்சென்று நன்றாயிருந்ததாம்.

இடுப்பில் சாம்பார் அண்டா.
உள்ளே கெட்டிமேளம்.
அவள் கத்தியது அதற்குள் போய்விட்டது.
'நாயனக்காரர் மூச்சு வாங்குனப்பதான்
என் சத்தம் வெளிய வந்துச்சு.'

முழங்காலுக்குக் கீழே ரெண்டு இடம், இரும்புத் தகடு.
ஊனம் முப்பது சதவீதம் என்கிறது தஞ்சாவூர் சீட்டு.
குத்துக்காலிட முடியாது இனி.
குத்துக்காலிடுவதுதானே அவள் உத்தியோகம்,
அது எத்தனை சதவீதம்?

பஸ் மோதியிருந்தால் அதற்குத் தனி கோர்ட்,
இன்சூரன்ஸ்காரன் பெட்டியோடு வருவான்.
தரை கைவிட்டால்
தரைக்கு நம்பர் பிளேட் கிடையாது.
நாலு லட்சம் கேட்கப் பன்னிரண்டாயிரத்துக்கு ஸ்டாம்ப்.
ஒட்ட வக்கில்லை என்று இன்னொரு மனு.
அதற்கு நான் காசு வாங்கவில்லை.
வாங்கினேன். பாதி.

நோட்டீசுக்குப் பதில் வந்தது:
மேற்படி குழி என்று ஒன்று எங்கள் மண்டபத்தில் இல்லை.
வாதி கீழே பார்த்து நடக்காதது வாதியின் கவனக்குறைவு.
முதல் வரி நிஜம். மூன்றாம் நாளே காங்கிரீட், டைல்ஸ்,
மேலே ஒரு துளசிமாடம்.
ஆக, இல்லாத குழியில்
கவனமில்லாமல் விழுந்தவள்.

கல்யாண வீடியோ கேட்டுக் குத்தாலம் போனார் ஜெகபர்.
மங்கள காரியத்தில் கேஸா என்று
பெண்ணின் அப்பா கதவைச் சாத்தினார்.
ஒரு மாதம் கழித்துத் திருப்பூரிலிருந்து கூரியர்.
ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க்கவர், உள்ளே பென்டிரைவ்.
எழுத்து எதுவும் இல்லை. அனுப்பியவர் பெயர்
பத்திரிகையில் மணமகள் என்று இருந்த பெயர்.

நாற்பத்தொன்றாவது நிமிஷம்.
கேமரா பின்கட்டைச் சும்மா ஒரு சுற்று சுற்றுகிறது.
பலூனோடு ஒரு பிள்ளை இலைமேல் கால் வைக்கப் போகிறது.
மஹால் மேனேஜர் பாய்ந்து இழுக்கிறார்.
பிறகு குனிந்து
காற்றில் விலகிய இலையைச்
சாக்கின்மேல் சரியாக வைக்கிறார்.

ஜெகபர் மேசையைத் தட்டினார்.
'நிறுத்துங்க' என்றாள் தையல்நாயகி.
நிறுத்தினேன். அவள் இலையைப் பார்க்கவில்லை.
திரையின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
குத்துக்காலிட்டு ஒருத்தி
கரண்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.
'கொஞ்சம் ஓட்டுங்க. எவ்வளவு வெரசா தேய்க்கிறேன் பாருங்க.'
மூன்று தரம் ஓட்டினேன்.

அவர்கள் போனபின்தான் பார்த்தேன்,
நாலாவது எல்லை புள்ளிகளாகவே கிடந்தது.
வாதி குத்துக்காலிட்டிருந்த இடத்துக்கு வடக்கு
என்று அடித்தேன்.
ஜெகபர் அதை வெட்டிவிட்டு
காம்பவுண்டுச் சுவர் என்று போடச் சொல்வார்.
சொல்லட்டும்.