பதினோராவது பெயர்

பதினொரு பேர். பதினொரு படிவம்.
பிப்ரவரியின் மூன்றாம் செவ்வாய்.
செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை மூடுபனி விழுங்கி
நான்கு நாளாகிறது.
கப்பல்களின் சங்கொலி மட்டும்
என் ஜன்னல்வரை வந்துபோகிறது.

மனிதவளப் பிரிவின் கடிதம் மிக மரியாதையானது:
மூன்று பேர் எதிர்பார்ப்பை மிஞ்சலாம்,
ஏழு பேர் எட்டலாம்,
ஒருவருக்கு மேம்பாடு தேவைப்பட வேண்டும்.

தேவைப்படுகிறதா என்று கேட்கவில்லை.
தேவைப்பட வேண்டும்.
இலக்கணத்தில் இதற்கு என்ன பெயரோ,
கடலியல் படித்த எனக்குத் தெரியாது.

ஸீட்டா நோஸ்வொர்தி:
இரண்டு கட்டுரை, ஒரு பெரிய நல்கை,
அவள் அறை வாசலில் அழுது நின்ற மாணவர்கள் மூவர்.
கடைசி எண்ணிக்கைக்குப் படிவத்தில் இடமில்லை.
மிஞ்சியவள் என்று குறித்தேன்.
கணக்கைக் கேட்டால் கணக்குத்தான் பேசும்.

லியாண்டர் கோய்ஷ்:
முதலாண்டு விடைத்தாள் இருநூற்று நாற்பது,
ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய சின்ன எழுத்து.
நான்கு ஆண்டாக ஒரு கட்டுரையும் இல்லை.
எட்டியவர் என்று போட்டேன், மனத்துக்குள் பென்சிலால்.
திரையில் பென்சில் கிடையாது என்பது
அப்புறம்தான் உறைத்தது.

இப்படியே பத்து.

மிச்சம் ஆம்ப்ரோஸ் கீயோ,
ஆய்வக உதவியாளர், பத்தொன்பது ஆண்டு.
நவம்பரில் நாற்பது பாட்டில் கடல்நீர் பாழானது
அவர் கையில்.
புதிய நிறமாலைமானி
மூன்று நாளில் இரண்டு நாள் தூங்குகிறது.
எளிய பெயர். என்ன வசதி.

வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
என் கம்பளத்தில் தீவு வரைந்தது.
"பாட்டில்களா? நான்தான்" என்றார்.
"அந்த இயந்திரத்தின் கையேடு அறுநூறு பக்கம்.
எனக்குப் புரிந்தது அட்டை."
எழுந்து, கதவருகே நின்று,
"பழைய படிவங்களைப் பார், டோர்கஸ்.
கடைசிப் பெட்டி."

பார்த்தேன்.
முதல் ஆண்டு:
'பயிற்சி வேண்டும். ஹாலிஃபாக்ஸில் இரண்டு வாரம்
நடத்துகிறார்களாம். குளிர்காலமானாலும் சரி.'
அடுத்த ஆண்டு:
'பயிற்சி. ஹாலிஃபாக்ஸ்.'
அதற்கடுத்து:
'மேற்படி.'
இந்த ஆண்டுப் பெட்டியில் ஒன்றுமில்லை.

மூன்றின் கீழும் 'மேலாளர் வாசித்தார்',
அதற்கு நேரே சரிக்குறி,
அதன் கீழே என் கையெழுத்து.
வளைவுகூடப் பிசகாத, அழகான,
அவசரக் கையெழுத்து.

பதினோராவது இடத்தில் என் பெயரைத் தட்டினேன்.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
தன்னைத் தானே மதிப்பிட அனுமதியில்லை.
சிரித்தேன்.
கொஞ்ச நேரம்தான் அது சிரிப்பாக இருந்தது.

ஜூனில் நான் லிஸ்பன் மாநாட்டுக்குப் போக
ஒதுக்கிய பணம் இருந்தது.
தியாகம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.
மூன்றாண்டுக் கடன். இது வட்டிக்குக் காணும்.

பெட்டி இன்னும் காலி.
தினமும் காலையில் நினைவூட்டல் வருகிறது,
நாளுக்கு நாள் மரியாதை கூடிக்கொண்டே.
என்ன செய்வார்களோ தெரியவில்லை.

ஆய்வகத்துக்கு நானே இறங்கிப் போய்ச் சொன்னேன்:
ஏப்ரல் ஆறு, ஹாலிஃபாக்ஸ், இரண்டு வாரம்.
ஆம்ப்ரோஸ் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன்.
அங்கே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.
"ஏப்ரலில் பனிப்பாறைகள் வரும் சமயம்.
படகில் யார் போய் மாதிரி எடுப்பது?"

"நான்."

என் கைகளைப் பார்த்தார்.
"வாளிக் கயிற்றுக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?"
"படிக்கிற காலத்தில் தெரியும்.
மறந்துவிட்டது."

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.
"எழுதிவை" என்றார்,
"கடைசிப் பெட்டியில்."