கிழமை

களுவாஞ்சிகுடி பால் சங்கத்தின் தரவுத்தளத்துக்கு
ஒரு சார்பு எழுதினேன். பெயர்: கிழமை.
எங்களுக்கு ஒரு நாளும் கிழமைதான், ஏழு நாளும் கிழமைதான்.
முகாமையாளர் கேட்டது இரண்டாவதை.
எந்தத் திகதியைக் கொடுத்தாலும்
அது பின்னால் நடந்துபோய்த்
தன் திங்களின் படலையில் நிற்கவேண்டும்.
புதனென்றால் இரண்டு அடி, வெள்ளியென்றால் நாலு.
மூன்றே வரி. தேத்தண்ணி ஆறமுதல் முடிந்தது.

செவ்வாய் பின்னேரம் யோகமலர் வந்தா.
மண்டூரிலிருந்து பாதையேறி வாவி கடந்து,
நனைந்த துண்டை மேசையில் விரித்தா.
"ஞாயிறு ஊத்தின நாலரை லீற்றர் எங்க போச்சி பிள்ள?
மாடு லீவு எடுக்கல்லயே.
நாளைக்கு லோன்காரன் வருவான்,
அவனுக்குக் கிழமை பிழைக்காது."

இயந்திரத்துக்கு ஞாயிறு பூச்சியம்.
பூச்சியத்தில் ஒன்று போனால் மறை ஒன்று.
மறை ஒன்று அடி பின்வைத்தால்
முன்னுக்குத்தான் போகும்.
அவவின் பால் அடுத்த திங்களுக்குத் தாவி
இன்னும் காசாகாத கிழமைக்குள் கிடந்தது.

அன்றிரவே திருத்தினேன்.
ஆறைக் கூட்டு, ஏழால் வகு,
மீதி எத்தனையோ அத்தனை நாள் திரும்பிப் போ.
ஞாயிறு ஆறு நாளும் நடந்து வீடு சேர்ந்தது.

பிறகுதான் அரசரெத்தினத்தின் கணக்கு கோணியது.
திங்கள் விடிய ஐந்துக்கே கான் இறக்குகிற மனிசன்.
சேவர் ஓடுவது கிறீனிச் நேரத்தில்;
அதற்கு அப்போது ஞாயிறு இரவு பதினொன்றரை.
இவ்வளவு நாளும் அந்தப் பொய் ஞாயிறை
என் பழைய பிழைதான் தூக்கித்
திங்களில் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
ஒரு பிழை மற்றதற்கு முட்டு.
ஒன்றைப் பிடுங்கினேன், மற்றது சரிந்தது.

அரசரெத்தினம் முறைப்பாட்டுக்கு வரவில்லை.
ஒரு நாள் காசு ஒரு கிழமை முந்தி வந்தால்
யார்தான் வருவார்?

ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும், அவ்வளவுதான்.
கிழமைக்கு உரிமை என்றொரு பழம்பொருள் உண்டு;
சோதனைக்குப் பாடமாக்கி மறந்தது.
இரவு முழுக்க அந்தச் சொல்லோடு இருந்து
சங்கத்திலேயே விடிந்துவிட்டது.

திரையின் மூலையில் 4.52. திங்கள்.
வெளியே அவருடைய மோட்டார்சைக்கிள்,
கானோடு கான் முட்டும் சத்தம்.
சேமிக்கவா என்று கேட்கிறது திரை.
அங்கே இன்னும் ஞாயிறு.