கூட்டாத இடம்

விடிய ஐந்து மணிக்கு நான் கூட்டுவேன்.
முப்பத்தோரு வருடம் ரயில்வே பார்சல் ஆபீஸ்;
மிச்சமாய் ஒட்டிக்கொண்டது
சணல் வாசமும் இந்தப் பழக்கமும்தான்.
விளாங்குடி வீட்டுக்குப் பின்னால் முக்கால் சென்ட் மண்.
விளக்குமாற்றுக் கோடு
படிய வாரின தலை மாதிரி தெரியவேண்டும் எனக்கு.

அந்த மண்ணில்தான் ஜான்சி
குப்பை கொட்ட ஆரம்பித்தாள்.

குப்பை என்று சொல்லக்கூடாதாம்.
மூடாக்கு.
"வழுக்கைக்குத் தொப்பி போடுறீங்கள்ல,
அது மாதிரி" என்றாள்.

முதலில் வைக்கோல்.
சமயநல்லூரிலிருந்து இரண்டு கட்டு, ஆட்டோக்கூலி தனி.
எட்டாம் நாள் அதற்குள் நெல் முளைத்தது.
பதினைந்தாம் நாள் கரையான்,
கத்தரியை விட்டுவிட்டுக்
கதவு நிலையில் ஏறியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பது
அவள் காதில் விழும்படி இருந்தேன்.

பிறகு மரத்தூள்,
ஜெய்லானி பட்டறையில் சும்மா கொடுத்தது.
மிளகாய்ச் செடிகள்
மஞ்சள் காமாலை கண்டு நின்றன.

கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட் வந்தது.
சித்திரை மதியம் அதில் வெறுங்கால் வைத்துப் பார்த்தாள்;
அன்று மாலையே அது
மாடித் தொட்டிக்கு மூடி.

செல்லூர்ச் செக்கிலிருந்து கடலைத் தோல்.
நல்லதுதான். ஆனால் அணில்கள்
ஒரு பருப்பாவது தப்பியிருக்காதா என்று
நாளெல்லாம் சோதனை போட்டன.
மாட்டுத்தாவணியில் விலைபோகாத மல்லி ஒரு சாக்கு:
இரண்டு நாள் கல்யாண வீடு.
மூன்றாம் நாள்... வேண்டாம்.

அடுத்த மாசியில் அவள் கண்ணில் பட்டது
நான் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிற
வேப்பஞ்சருகு.

அதிலிருந்துதான் யுத்தம்.
சாயங்காலம் அவள் பரப்புவாள்,
விடியற்காலை நான் வாரிவிடுவேன்.
பேங்குக்குக் கிளம்பும்போது
தோட்டத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்,
ஸ்கூட்டியை இரண்டு முறுக்கு அதிகமாய் முறுக்குவாள்.
முழுப்பெயர் ஜான்சிராணி.
பெண் பார்க்கப் போன அன்றே யோசித்திருக்கவேண்டும்.

பங்குனிக் கடைசியில்
அவள் தங்கை கோமளத்துக்கு விருதுநகரில் ஆபரேஷன்.
பன்னிரண்டு நாள்.
"கத்தரிக்கு ரெண்டு குடம். மறந்துராதீங்க."
நான் மறக்கவில்லை. மாநகராட்சி மறந்தது.
குழாய் நான்காம் நாள் இருமியது,
எட்டாம் நாள் வெறும் காற்று.
லாரியில் கிடைத்ததைப்
பாத்தி முழுக்கச் சமமாய்ப் பிரித்தேன்;
அந்தக் கணக்கு எனக்குத் தப்பாது.
முதல் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டதில்
பாதிப் பாத்தியைத்தான் கூட்டியிருந்தேன்.
மதிலோரப் பாதி அப்படியே கிடந்தது,
சருகோடு, அவமானமாய்.

பத்தாம் நாள் மதியம்
சுத்தமான பாதியில்
மண் பாளம் பாளமாய் வெடித்திருந்தது.
ஒரு ரூபாய் நாணயம் நுழையும்,
நுழைத்துப் பார்த்தேன்.
செடிகள் காது தொங்கிப்போய்.
குப்பைப் பாதியில்
கத்தரி பூத்திருந்தது, ஊதாவாய்,
எனக்கென்ன என்பது போல.

சருகை விலக்கி விரலை விட்டேன்.
ஈரம்.
மாட்டின் மூக்கைத் தொட்ட மாதிரி.
வெள்ளை நூலாய்ப் பூஞ்சை. பெயர் தெரியாத ஏதோ ஒன்று
கால்களை எண்ண விடாமல் ஓடியது.
தூங்குகிறவர் மேலிருந்து
போர்வையை உருவிவிட்டவன் போலச்
சட்டென்று மூடினேன்.

எத்தனை விடியல் உருவியிருக்கிறேன்.

அவள் திரும்பிய அன்று
தெருவையும் சேர்த்துக் கூட்டினேன்.
"என்ன சார், எங்க பொழப்புக்கு வேட்டு வைக்கிறீங்களா?"
துப்புரவுக்கு வரும் சந்தனமாரி சிரித்தாள்.
பூவரசு, வாகை, யார் வீட்டுதோ தெரியாத மா:
மூன்று சாக்கு.
மூன்று விரல் கனம்,
தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி;
அவள் போனில் யாருக்கோ சொன்னது
காதில் விழுந்திருந்தது.
ஓரத்தை மட்டும் செங்கல் வைத்து
நேர்கோடாய் அடைத்தேன்.
பார்சல் ஆபீஸ் புத்தி.

ஜான்சி பையை இறக்காமலே பார்த்தாள்.
"கருகினது எத்தன?"
"ஏழு."
"வேற நாத்து வாங்கணும்" என்று உள்ளே போனாள்.
அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்து மணிக்கு
விளக்குமாற்றோடு நின்றேன்.
இரவெல்லாம் வேம்பு பூவை உதிர்த்திருந்தது,
சருகின் மேல், செங்கல் மேல், கோடு தாண்டியும்.
கை பரபரத்தது.
வாசலைக் கூட்டப் போய்விட்டேன்.