நாலு சென்டிமீட்டர்

திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தைத்
தீர்த்தகிரி ஸ்கேல் வைத்து அளப்பான்,
ஐந்து ரோடு தட்டுவடை செட் கடையில்
எண்ணெய் படாத மூலையாகப் பார்த்து விரித்து.

சென்னைக் கல்லூரி தோற்றதற்குப்
பதினெட்டு சென்டிமீட்டர், படத்தோடு.
‘போராடி வீழ்ந்தது’ என்று தலைப்பு.
நாங்கள் ஜெயித்ததற்கு நாலு.
அதிலும் ஒரு ஓரத்தை
மூலம் பவுத்திர விளம்பரம் இடித்துக்கொண்டு நிற்கும்.
‘சேலம் அணிக்கு அதிர்ஷ்டம்.’

அதிர்ஷ்டமாம்.
எழுபத்தெட்டாவது நிமிஷம் ஜான்பாஷா
எதிராளி பூட்ஸுக்கு நெற்றியைக் கொடுத்து முட்டிய பந்து.
ஐந்து தையல்.
அவன் பெயரையும் ஜான்சன் என்று போட்டிருந்தார்கள்.

தரவரிசை என்று ஒரு கட்டம் வரும்.
ஏழு பேர் உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்களாம்.
ஏழில் ஒருத்தராவது
உடையாப்பட்டி தாண்டி உள்ளே வந்ததுண்டா?
எங்களோடு டிரா செய்தவன் மூன்றாமிடம்,
எங்களிடம் தோற்றவன் ஆறு,
நாங்கள் ஒன்பது.
மேற்கு மண்டலத்தில் ஆளுக்கு ஆள் தோற்கடித்தால்
‘சொல்லிக்கொள்ளும்படி ஒரு அணியும் இல்லை.’
கிழக்கில் அதுவே நடந்தால்
‘யாரும் யாரையும் சாய்க்கும் கடுமையான மண்டலம்.’

கடிதம் எழுத உட்கார்ந்தோம்,
அஸ்தம்பட்டி விடுதி மொட்டை மாடியில்.
கையெழுத்து கோழி கிளறாதது என்பதால் நான்.
தேதி, ஊர், கோல் கணக்கு,
ஒன்றுவிடாமல் எல்லா ஆட்டமும்.

‘அந்த ஏற்காடு மேட்ச்?’
கோல்கீப்பர் அங்கப்பன் கேட்டான், வேர்க்கடலை உரித்தபடி.

ஆகஸ்டில் போனது.
இருபது கொண்டை ஊசி வளைவு,
பாதி டீம் பஸ் ஜன்னலுக்கு வெளியே.
நாகலூர்ப் பக்கம் சரிவில் வெட்டிய மைதானம்,
டச் லைனுக்குச் சில்வர் ஓக் மரங்கள்.
மலைப் பையன்கள், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறவர்கள்,
நாலு பேருக்குத்தான் பூட்ஸ்.
பனி இறங்கி அந்தப் பக்கத்து கோல்போஸ்ட்டை விழுங்கியது.
எங்களுக்குப் பந்து மட்டும் தெரிந்தது,
உதைத்த கால் அப்புறமாக வந்தது.
சடையாண்டி என்று ஒருத்தன், இடது காலன், இரண்டு அடித்தான்.
மூன்றுக்கு ஒன்று.
முடிந்ததும் வெல்லம் போட்டுக் காபி கொடுத்தார்கள்,
நாங்கள் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினோம்.

‘அது சும்மா ஃப்ரெண்ட்லிடா.’
‘பனிடா அன்னிக்கு.’
‘ரெஃப்ரி அந்த லெஃப்ட் விங்கோட மாமன்.’
‘எந்த மண்டலத்துலயும் இல்லாதவங்களை எதுல சேர்க்கிறது?’
‘எழுதினா நம்ம கேஸ் நிக்காது.’

ஒன்றும் பொய்யில்லை.
ரெஃப்ரி நிஜமாகவே மாமன்தான்.
எங்களுக்கு இரண்டு பெனால்டி கொடுத்த மாமன்.
ஒன்றை நான் வெளியே அடித்தேன்.

எழுதவில்லை.
‘ஒன்றுவிடாமல்’ என்ற சொல்லை மட்டும்
அடிக்கலாமா என்று யோசித்தேன்,
அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கடிதம் வந்தது. ஆறரை சென்டிமீட்டர்.
ஜெயித்து ஒருநாளும் அவ்வளவு வாங்கியதில்லை.
கடைக்காரர் ஆளுக்கொரு செட் இலவசமாய்த் தந்தார்,
பீட்ரூட் தாராளமாய்ப் போட்டு.
அடுத்த வாரம் எட்டாமிடம்.
தீர்த்தகிரி கட்டத்தை வெட்டி நோட்டில் ஒட்டினான்.

அதே பேப்பர்
காலை முதல் பஸ்ஸில் மலைக்கும் போகிறது.

ஸ்கேல் என்னிடம்தான் கிடந்தது.
சாயங்காலம் மாடியில் நின்று
கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி,
சேர்வராயனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.
அடியிலிருந்து உச்சி வரை
நாலு.
கை கொஞ்சம் ஆடியது,
நாலேகால் கூட இருக்கலாம்.